கல்குழியில் ஒரு வாசல்

அத்தியாயம் 5

அந்தக் கல்லுக்கு யாரோ உடுத்திவிட்டிருந்தார்கள்.

மஞ்சள் துணி ஒன்று. அதன்மேல் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று. எதிரே மூன்று வாழைப்பழம், ஊதுபத்தி, குழாய் செருகிய சிவப்பு சோடா பாட்டில்.

"வெயிலுக்கு சோடா வெச்சது சரி," என்றான் வுத்தா. "துண்டு எதுக்குக்கா? சாமிக்குக் குளிரா?"

ஆய்வாளர் சந்தூ கல்லின் பக்கத்தில் குனிந்தாள். உதவியாளன் வுத்தாவின் நக்கலுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பதை எட்டு வருடத்தில் அவள் கற்றிருந்தாள். மரபுச்சின்னங்களைக் காக்கும் காவல் பிரிவுக்கு வருமுன் பதினாறு வருடம் அவள் இடிந்த கோயில்களை எடுத்துக்கட்டும் கொத்து வேலையில் இருந்தவள். கல்லைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் பார்ப்பாள். இப்போதும் துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் கை வைத்தாள். ஐந்து தலை நாகம். நல்ல வேலைப்பாடு. மற்றதெல்லாம் மண்ணுக்குள்.

குலேன் மலையடிவாரத்தில் த்மோ தாப் என்கிற அந்த ஊரில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. அதனால்தான் வம்பு. மலைச்சரிவை வெடி வைத்து உடைத்து ஜல்லியாக்க ஒக்ஞா லெங் அனுமதி வாங்கியிருந்தார். வருகிற வியாழக்கிழமை முதல் வெடி. அந்தக் காலத்து அரசர்கள் கோயிலுக்குக் கல் வெட்டிய இடம் இது, வெடி வைக்காதீர்கள் என்று முந்திரி பயிரிடும் சரோம் மனு கொடுத்திருந்தார். மனு இரண்டு மாதமாக எந்த மேஜையிலோ தூங்கியது. போன சனிக்கிழமை அவருடைய முந்திரித் தோப்பின் ஓரத்திலேயே இந்தக் கல் தலைகாட்டியது. அன்று சாயங்காலமே, விசாரணை முடியும்வரை என்று வெடியை நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை லெங்கிடமிருந்து புகார் வந்தது. சரோம் எங்கேயோ திருடிய கல்லைக் கொண்டுவந்து புதைத்து நாடகம் ஆடுகிறான், விசாரிக்க ஆய்வாளர் சந்தூவையே அனுப்புங்கள் என்று.

புகாரைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. தொண்ணூறுகளில் சரோம் மாட்டுவண்டி ஓட்டியவர். அந்த வண்டியில் நெல் மட்டும் போகவில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

"தோண்டலாமா அண்ணே?" என்றாள் சந்தூ.

சரோமுக்கு அறுபதை நெருங்கும் வயது. வெயிலில் காய்ந்து கறுத்த ஒடிசலான உடம்பு. கும்பிட்டுவிட்டுத் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். "தோண்டுங்கம்மா. சனிக்கிழமையிலேர்ந்து முறை வெச்சுக் காவல் இருக்கோம். ஒரு பிடி மண்ணு யாரும் எடுக்கல. சாமி குத்தம் வரும்னு எங்களுக்கே பயம்."

"அந்த சோடாவைக் குடிச்சது யாரு?" என்றான் வுத்தா. "பாதி காணோம்."

"சாமி."

"ஓ."

கல்லைத் தூக்கும் இயந்திரத்தை லெங்கே அனுப்பியிருந்தார். பின்னாலேயே காரில் அவரும் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் செருப்பு, எல்லாரிடமும் தணிந்த பேச்சு. ஒக்ஞா என்பது அரசு கொடுத்த பட்டம். அந்தப் பட்டத்தோடு கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது என்று ஊரில் பேச்சு.

ஒரு மணி நேரம் மண் அள்ளினார்கள். பிறகு பட்டை கட்டித் தூக்கினார்கள். மண் உதிர உதிரக் கல் எழும்பியது. கோயில் வாசலுக்கு மேலே குறுக்காகக் கிடக்கும் உத்திரக்கல். நடுவில் மூன்று தலை யானைமேல் இந்திரன். இரண்டு பக்கமும் மாலை வளைந்து வளைந்து போய் நாகத்தில் முடிந்தது. யானையின் நடுத் தும்பிக்கை மட்டும் பாதியில் முறிந்திருந்தது.

கூட்டம் கைகூப்பியது. சரோம் கூப்பவில்லை. அவர் அந்த முறிந்த தும்பிக்கையைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. அப்படியே தரையில் குந்திவிட்டார்.

அதை சந்தூ பார்த்தாள். லெங்கும் பார்த்தார்.

"என்னக்கா, ஒரிஜினலா?" வுத்தா காதோரம் கேட்டான்.

"ஆயிரம் வருஷத்துக் கல்லு. சந்தேகமே இல்ல."

"அப்ப சரோம் அண்ணன் ஜெயிச்சாரு."

"தோத்துட்டாரு." அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "இது என்ன எடம்னு மனுவுல எழுதியிருக்காரு?"

"கல்லு வெட்டின எடம்."

"அப்ப கல்லை இங்க மொட்டையா வெட்டுவாங்க. மொட்டையாவே யானையில இழுத்துட்டுப் போவாங்க. வாசல் மேல ஏத்தி மூட்டினதுக்கு அப்புறம்தான் சிற்பி உளியைத் தொடுவான். செதுக்கி எடுத்துட்டுப் போய் வழியில ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? செதுக்கின உத்திரக்கல்லு கல்குழியில கெடக்காது வுத்தா. கோயில்லேர்ந்து யாராவது தூக்கிட்டு வந்தாத்தான் உண்டு."

வுத்தா கொஞ்சம் யோசித்தான். "அதாவது, வயல்ல வெந்த சோறு வெளைஞ்ச கதை."

"அதேதான்."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து வந்திருந்தவருக்குக் காது கூர்மை. விலங்கை எடுத்தார். சரோம் மணிக்கட்டை நீட்டினார். ஊர்க்காரர்கள் கூப்பிய கையை ஒவ்வொருவராக இறக்கினார்கள். ஒரு பெண் குனிந்து வாழைப்பழங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

லெங் பக்கத்தில் வந்தார். "இதுக்குத்தான் மேடம் உங்களையே அனுப்பச் சொன்னேன். வேற யாரு வந்திருந்தாலும் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாங்க. கல்லைப் படிக்கத் தெரிஞ்சவங்க வேணும்ல."

புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும். சந்தூவுக்கும் கசக்கவில்லை.

"அப்படியே அறிக்கையில ஒரு வரி," என்றார் லெங். "கல்லே பொய்யின்னா இந்த எடத்தைப் பத்தி அவன் கொடுத்த மனுவும் பொய்தானே. அதையும் எழுதிட்டீங்கன்னா எங்க வேலையை நாங்க பார்ப்போம். வாங்க, சாப்பிடலாம்."

* * *

லெங்கின் அலுவலகம் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே குளிர்சாதனம் பற்கள் கிட்டும்படி ஓடியது. எலுமிச்சைப்புல் போட்டு வதக்கிய மாட்டுக்கறி, ப்ரஹோக் மீன் துவையல், வெள்ளரித் துண்டு, ஒரு வாளி ஐஸ். லெங் ஏதோ தொலைபேசி அழைப்புக்காக வெளியே நின்றார்.

வுத்தா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கைப்பற்றல் பட்டியலை எழுதினான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது அவன் கண்டுபிடித்த சிக்கனம்.

"படி," என்றாள் சந்தூ.

"மணற்கல் உத்திரம் ஒன்று. நடுவில் மூன்று தலை யானைமேல் இந்திரன். இருபுறமும் ஐந்து தலை நாகம். யானையின் நடுத் தும்பிக்கை பாதியில் முறிந்தது. முறிவு பழையது."

சந்தூ தலை தூக்கினாள். அவன் எழுத்தில் இவ்வளவு ஒழுங்கு வழக்கமில்லை. போன மாதம் ஒரு நந்தியை 'மாடு, படுத்தது' என்று எழுதியவன்.

"கல்லைப் பார்த்து எழுதச் சொன்னேனே."

"வெயில்ல யாருக்கா திரும்பப் போறது. இதுலயே அழகா இருந்துச்சு, பார்த்து எழுதிட்டேன்." அவன் கோப்பிலிருந்த தாளை இடது கையால் தள்ளினான். அதில் ஒரு துளி ப்ரஹோக் ஒட்டியிருந்தது.

லெங் கொடுத்த புகார் அது. காலையில் அவள் மேலோட்டமாகப் படித்தது. இரண்டாம் பக்கத்தில் அந்த வரிகள் அச்சு அசலாக இருந்தன.

"இப்படிக் காப்பி அடிக்கலாமா?"

"அவரு கல்லைப் பார்த்துத்தானேக்கா எழுதியிருக்காரு. நான் அவரைப் பார்த்து எழுதினேன். எல்லாம் ஒண்ணுதான்."

"எப்போ பார்த்தாரு?"

வுத்தாவின் கை கறிக்கும் வாய்க்கும் நடுவே நின்றது.

"புகார் தேதி திங்கட்கிழமை," என்றாள் சந்தூ. "இன்னிக்குச் செவ்வாய். திங்கட்கிழமை மண்ணுக்கு மேல இருந்தது ஒரு நாகம். இந்திரன் உள்ள. யானை உள்ள. முறிஞ்ச தும்பிக்கை அதுக்கும் உள்ள."

வுத்தா கறியைத் தட்டில் வைத்தான். அவன் சாப்பாட்டைத் திரும்ப வைத்ததை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"என் சோம்பேறித்தனத்தால ஒரு கேஸ் தொலங்குது பாருங்க."

"பதக்கம் வாங்கித் தரேன். பேசாம இரு."

அவள் மூன்று வாய் சோறு சாப்பிட்டாள். மூன்றிலும் ருசி தெரியவில்லை. ஒரு கல்லைப் புதைக்கிறான். அது அந்த இடத்துக்கு ஒட்டாது என்று தெரிந்தேதான் புதைக்கிறான். ஒட்டாது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த ஆள் வந்து கல் பொய் என்று சொன்னதும் மனுவும் பொய்யாகிவிடுகிறது, மனு போட்டவன் உள்ளே போகிறான், வியாழக்கிழமை மலை ஜல்லியாகிறது. எலிப்பொறியில் எல்லாரும் தேங்காய்ச் சில் வைப்பார்கள். படித்த எலிக்கென்று லெங் தனியாக ஒன்று வைத்திருந்தார். எலி ஓடிவந்து கடித்தது மட்டுமில்லை, நின்று விளக்கமும் சொல்லிவிட்டது.

சரோம் கையை நீட்டியது அவள் கண்ணுக்குள் வந்தது. காது சுட்டது.

"வா," என்றாள்.

"கறி?"

"வா."

* * *

சரோமை ஜீப்பின் பின்பக்கக் கம்பியில் பூட்டியிருந்தார்கள். மாவட்டக் காவலர் ஊஞ்சல்துணி கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். சந்தூ அவரிடம் சாவி வாங்கி விலங்கை அவிழ்த்தாள்.

"கல்லை நீங்க வைக்கல," என்றாள்.

சரோம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அரை மணிக்கு முன்னாடி நான்தான்னு சொன்னீங்க."

"தப்பா சொன்னேன்."

போலீஸ்காரர் யாரும் அந்த வார்த்தையை அவரிடம் சொன்னதில்லை போலும். என்ன செய்வதென்று தெரியாமல் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்தக் கல்லு வெளிய வந்தப்ப ஏன் அப்படி வெளுத்தீங்க அண்ணே?"

சரோம் தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். "என் கதை கெடக்கட்டும்மா. நான் எழுதின மனுவை யாராவது பார்த்தீங்களா? கல்லு சனிக்கிழமை மொளைச்சது. மனு ரெண்டு மாசத்துக்கு முந்தினது. அதுல சொன்ன எடத்தை ஒருத்தரும் வந்து பார்க்கல."

"காட்டுங்க."

தோப்புக்குள் அவர் முன்னால் நடந்தார். காய்ந்த இலை கணுக்கால் வரை இருந்தது. கொஞ்ச தூரத்தில் தரை பாறையாகி, பாறை பெரிய பெரிய படிகளாக மேலே ஏறியது. மனிதக் கால் ஏறமுடியாத படிகள். கடைசிப் படியில் ஒரு சமதளம். அதன்மேல் முந்திரிக்கொட்டை காயப்போட்டிருந்தது.

"இங்கதான் காயப் போடுவோம். எங்கப்பன் காலத்துலயும் இங்கதான். நல்லா சூடேறும்."

சந்தூ மண்டியிட்டாள். கொட்டைகளை இரண்டு கையாலும் ஒதுக்கினாள். வுத்தா ஒதுக்கியதில் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"பச்சைக் கொட்டை. உதடு வெந்துடும்," என்றார் சரோம்.

வுத்தா திரும்ப வைத்தான். இன்றைக்கு அவனுக்கு இரண்டாவது தடவை.

கொட்டைகளுக்கு அடியில் ஒரு விளிம்பு தெரிந்தது. விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் கால்வாய். அதில் இலையும் மண்ணும் அடைந்து கிடந்தது. அவள் தோண்டி எறிந்தாள். கால்வாய்ச் சுவரில் உளித்தடம் சரிவுசரிவாக, சாரல் மழைபோல இறங்கியது. நான்கு பக்கமும் கால்வாய். நடுவில் ஒரு மாட்டுவண்டி நீளத்துக்கு ஒரே கல், சுற்றிலும் வெட்டி, தூக்க வேண்டிய நேரத்தில் விட்டுப்போனது. அரசர் செத்தாரோ, சண்டை வந்ததோ, கூலி வரவில்லையோ.

அவள் தோள் வரை கையை விட்டு அடியைத் தடவினாள். இடைவெளி இல்லை. அடியில் அது மலையாகவே இருந்தது.

"வுத்தா, இதை யாராவது கொண்டுவந்து வெச்சிருக்க முடியுமா?"

அவனும் கையை விட்டுப் பார்த்தான். வெளியே எடுத்துப் பேன்ட்டில் துடைத்தான். "முடியாதுக்கா. தொப்புள்கொடியே இன்னும் அறுக்கல."

அவள் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் வேறு சொற்களில் எழுதினாள். அளவெடுத்தாள், படம் எடுத்தாள், அங்கிருந்தே மேலதிகாரிக்குப் பேசினாள். வியாழக்கிழமை வெடி கிடையாது என்று பதில் வர நாற்பது நிமிடம் ஆனது. அதைச் சொன்னபோது சரோம் தலையை மட்டும் ஆட்டினார். ஒதுக்கிய கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். இனிமேல் இங்கே காயப்போட முடியாது என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

"மலை தப்பிச்சுது," என்றாள் சந்தூ. "நீங்க தப்பிக்கல அண்ணே. புகார்ல இருக்கிற வரியைக் காட்டினா, என் ஆளு ஒருத்தன் தோண்டிப் பார்த்தான்னு ஒக்ஞா சொல்லுவாரு. நீங்க காவல் இருந்தோம்னு சொல்லுவீங்க. அவரு பேச்சு எடுபடுமா, உங்க பேச்சு எடுபடுமா?"

சரோம் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கல்லு உங்களுக்குத் தெரிஞ்ச கல்லு," என்றாள். "ஆனா அதைச் சொன்னா நான் அதையும் எழுதியாகணும். உங்க மேலயும் வரும். எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

கீழே ஏதோ லாரி இரைந்துகொண்டே போனது.

"அந்தத் தும்பிக்கையை ஒடைச்சவன் நான்தாம்மா," என்றார் சரோம்.

வுத்தா மெல்ல உட்கார்ந்தான்.

"தொண்ணூத்தி மூணு. காட்டுக்குள்ள ஒரு சின்னக் கோயிலு. நாலு பேரு தூக்கினோம், என் வண்டியில ஏத்தினோம். ஓடை எறங்கறப்ப மாடு மெரண்டுச்சு. கல்லு சாஞ்சு பாறையில மோதி மூக்கு போச்சு. ரோட்டுல லாரி வெச்சுக்கிட்டு லெங் நின்னாரு. அப்ப ஒக்ஞா இல்ல, வெறும் லெங்தான். ஒடைஞ்ச யானையை வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்னு திட்டி, ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிப் போட்டாரு. என் பொண்ணு அப்ப கைக்கொழந்தை. நான் வாங்கிக்கிட்டேன்."

"அப்புறம் அந்தக் கல்லை எப்பப் பார்த்தீங்க?"

"அவரு மக கல்யாணத்துக்குப் பந்தல் போடப் போனேன். வீட்டுல மீன் குளம் இருக்கு. அதுக்குப் பாலமா கவுத்துப் போட்டிருந்தாரு. இந்திரன் மொகம் தண்ணிப் பக்கம். மேல ஜனம் செருப்போட நடந்துச்சு." அவர் கூடையைக் கீழே வைத்தார். "நான் சுத்திப் போனேன். அதுதான் என்னால ஆனது."

* * *

கீழே வந்தபோது லெங் காருக்குப் பக்கத்தில் நின்றார். வெடி நின்ற சேதி அவர்கள் இறங்குமுன்பே அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் குரல் தணிந்துதான் இருந்தது.

"சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்களே மேடம்."

"மிச்சத்தை உங்க வீட்டுல சாப்பிடலாம்னு," என்றாள் சந்தூ. "இப்பவே போறோம். மீன் குளத்துக்கு மேல ஒரு பாலம் இருந்துச்சாமே."

லெங் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால், விலங்கு இல்லாமல் நின்ற சரோமைப் பார்த்தார். பட்டம் வாங்கியபிறகு முதல் முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"சரோம். நீயும்தானே மாட்டுவே."

"ஆமாங்க," என்றார் சரோம்.

"பாலம் இப்ப இல்ல மேடம். எடுத்துட்டோம்."

"தெரியும். ரெண்டு கரையிலயும் கல்லு அழுந்தின பள்ளம் இருக்கும். கல்லோட அளவு என்கிட்ட இருக்கு." அவள் மாவட்டக் காவலரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூக்கம் முழுசாகத் தெளிந்து, விலங்கை யாருக்குப் போடுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒக்ஞா காரை ஓட்ட வேணாம். நம்ம ஜீப்புல ஏத்திக்குங்க. மரியாதையா."

லெங் ஏறினார். வெள்ளைச் சட்டையில் இருக்கைத் தூசி ஒட்டாதபடி விளிம்பில் உட்கார்ந்தார்.

கிளம்புமுன் சந்தூ ஜீப்பின் முன்மூடியில் தாளை விரித்து சரோமின் வாக்குமூலத்தை எழுதி முடித்தாள். ஒரு பக்கம் வந்தது. கோயில், ஓடை, லாரி, அரிசி, குளம். படித்துக் காட்டினாள். மை டப்பாவைத் திறந்து வைத்தாள். சரோம் கட்டைவிரலைத் தோய்த்தார். தாளுக்கு மேலே விரல் அப்படியே நின்றது.

பயந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அதைத் தப்பு சொல்ல முடியாது.

"யோசிக்கணும்னா யோசிங்க அண்ணே."

"யோசிச்சுட்டேன்." அவர் விரலைப் பின்னுக்கு எடுத்தார். "இதுல ஒரு கல்லுன்னு எழுதியிருக்கீங்க."

"இந்தக் கேஸுக்கு அது போதும்."

"உங்களுக்குப் போதும்மா. நான் ஏத்தினது ஏழு. இதை எந்தக் கோயில்ல வெக்கணும்னு உங்களுக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு. மத்த ஆறு எங்கேயோ யாரு வீட்டுலயோ கெடக்கு. நான் போயிட்டேன்னா அதெல்லாம் எந்த வாசல்னு சொல்ல ஆளில்லை. எழுதிக்குங்க. மொதக் கல்லு, தலையில்லாத ஒரு அம்மன். ஓடைக்கு வடக்க, ரெட்டை மரத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு."

சந்தூ புதுத் தாளைத் திருப்பினாள். பேனா இரண்டு சொல் எழுதிவிட்டு வறண்டது. அவள் உதறினாள். வரவில்லை.

வுத்தா ஏதாவது சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கொடுத்தான். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கி, விரித்து, நிழலில் போட்டான். அவளுக்கு அல்ல.

"உட்கார்ந்து சொல்லுங்கண்ணே," என்றான். "ஏழு கல்லு. நேரமாகும்."